மாமூல்: அமலில் பிறந்து கையூட்டில் விழுந்த சொல்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

தமிழ்நாட்டில் வாழும் ஒருவர் 'மாமூல்' என்னும் சொல்லைக் கேளாமல் ஒரு மாதத்தைக் கழிப்பது அரிது. நடைபாதையில் பழம் விற்பவர் வாரந்தோறும் கொடுத்தாக வேண்டிய தொகைக்கு அதுவே பெயர். சரக்கு லாரி சோதனைச் சாவடியைக் கடக்கும்போது கைமாறும் பணத்திற்கும் அதுவே பெயர். பண்டிகை நாளில் கடை வாசலில் வந்து நிற்பவர் கேட்பதும் 'தீபாவளி மாமூல்'தான். ஆனால் வெள்ளம் வடிந்த மறுநாள் நகரம் மாமூல் நிலைக்குத் திரும்பியதாக நாளேடு எழுதும்போது, அச்சொல்லில் குற்றத்தின் வாடை சிறிதும் இல்லை. நிக்காஹ் பேச்சில் பெரியவர் ஒருவர் "இது நம்ம ஊர் மாமூல்" என்று சொல்லிவிட்டாலோ, அதற்குமேல் வாய்திறக்க ஒருவரும் துணிவதில்லை.

இயல்பு, வேரூன்றிய பழக்கம், எதிர்த்துக் கேட்க முடியாத மரபு, லஞ்சம் ஆகிய நான்கையும் ஒரே சொல் எவ்வாறு சுமக்க வந்தது? அச்சொல்லின் வரலாற்றை அறிவது வெறும் மொழி ஆர்வத்திற்காக அன்று. நம் வாழ்வில் வேரூன்றிவிட்ட பழக்கங்களை மார்க்கம் எந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்கச் சொல்கிறது என்பதும் அந்த வரலாற்றுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

அமலின் உடன்பிறப்பு

'மாமூல்' அரபுச் சொல். "நல்ல அமல்", "அமல் செய்ய அல்லாஹ் தவ்ஃபீக் தரட்டும்" என்றெல்லாம் நாள்தோறும் சொல்கிறோமே, அந்த 'அமல்' பிறந்த வேரிலேயே இதுவும் பிறந்தது. ஐன், மீம், லாம் என்னும் மூன்று எழுத்துகளே அந்த வேர். செய்தல் என்பது அதன் அடிப்படைப் பொருள். மத்ரஸாவில் ஸர்ஃப் பாடம் தொடங்கும் மாணவனுக்கு முதல் ஆண்டிலேயே இதன் கிளைகள் பழகிவிடும். செய்கை 'அமல்', செய்பவர் 'ஆமில்', செய்யப்பட்டது 'மஃமூல்'. விளைச்சலைக் குறிக்க உழவர்கள் வழங்கும் 'மகசூல்' என்பதும் இதே வாய்பாட்டில் அமைந்த 'மஹ்ஸூல்' என்னும் அரபுச் சொல்லே. கைவரப்பெற்றது என்பது அதன் பொருள்.

சிரியா, லெபனான், பாலஸ்தீன் நாடுகளில் பெருநாளன்று பேரீச்சம்பழத்தை உள்ளே வைத்துச் சுடும் சிறு பணியாரத்திற்கும் 'மஃமூல்' என்றே பெயர். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்புவோர் பெட்டியில் அது நம் வீடுகளுக்கும் வந்து சேர்கிறது. கையால் செய்யப்பட்டது என்ற நேர்ப்பொருள் அங்கே அப்படியே நிலைத்திருக்கிறது.

அரபு இலக்கணமாகிய நஹ்வில் இவ்வேருக்கு மற்றொரு வழக்கும் உண்டு. ஒரு சொல் தன்னோடு சேரும் மற்றொரு சொல்லின் இறுதி உயிர்க்குறியை மாற்றுமானால், மாற்றும் சொல் 'ஆமில்' எனவும் மாற்றத்திற்கு உட்படும் சொல் 'மஃமூல்' எனவும் பெயர்பெறும். ஹிஜ்ரி 471இல் மறைந்த அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானீ (ரஹ்) அவர்கள் இத்தகைய நூறு ஆமில்களைத் தொகுத்து எழுதிய சிறுநூல் இன்றளவும் மத்ரஸாக்களில் ஓதப்படுகிறது. ஆமில் ஆள்வது, மஃமூல் ஆளப்படுவது. இவ்வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; இக்கட்டுரையின் முடிவில் அது தேவைப்படும்.

இரண்டு பாதைகள்

அரபுச் சொற்கள் தமிழுக்கு இரு பாதைகளில் வந்தன. ஒன்று கடற்பாதை. வணிகர்களோடும் மார்க்க அறிஞர்களோடும் கரையோர ஊர்களில் இறங்கி, 'துஆ', 'ஹலால்', 'அமல்' போன்ற சொற்கள் தமிழ் முஸ்லிம்களின் இல்லங்களில் குடியேறின. மற்றொன்று தரைப்பாதை. பாரசீகத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட தக்காணத்துச் சுல்தான்கள், முகலாயர்கள், ஆற்காட்டு நவாபுகள் ஆகியோரின் அலுவலகங்கள் வழியாக வந்த சொற்கள் அனைத்துச் சமய மக்களின் பேச்சிலும் கலந்தன. வசூல், பாக்கி, தாலுகா, ஜில்லா, ஜமாபந்தி, தாசில்தார், வாரிசு, ஆஜர், அசல், நகல் என அப்பட்டியல் நீளும். கிழக்கிந்தியக் கம்பெனியாரும் ஆட்சியைக் கைப்பற்றிய பின் இச்சொற்களைக் கைவிடவில்லை.

'மஃமூல்' தரைப்பாதையில் வந்தது. பாரசீகத்தில் அதற்கு 'வழக்கமானது' என்னும் பொருள் படிந்துவிட்டது. செய்யப்பட்டது எதுவோ அதுவே மீண்டும் செய்யப்படுவது. மீண்டும் மீண்டும் செய்யப்படுவதே வழக்கம். இவ்வாறு பொருள் விரிந்தது. ஐன் எழுத்தின் தொண்டை ஒலி பாரசீக, உருது நாவுகளில் கரைந்து, முன்னெழுத்து நீண்டு, 'மாமூல்' என்னும் வடிவம் நிலைத்தது.

வியப்பு என்னவென்றால், 'அமல்' என்னும் சொல் இரு பாதைகளிலும் வந்தது. கடல்வழி வந்த அமல் நமக்கு வணக்கத்தையும் நற்செயலையும் குறிக்கிறது. தரைவழி வந்த அமல், 'சட்டம் அமலுக்கு வந்தது', 'அமலாக்கம்' என அரசாணைகளில் ஒலிக்கிறது. இலங்கைத் தமிழில் அது 'அமுல்' ஆயிற்று. மைசூர் ஆட்சியில் தாலுகா அதிகாரிக்கு 'அமில்தார்' என்று பெயர். ஒரே வேர் பள்ளிவாசலுக்குள்ளும் கச்சேரிக்குள்ளும் ஒரே காலத்தில் நுழைந்திருக்கிறது.

கேடயமாக இருந்த வழக்கம்

அலுவலகத் தமிழில் தொடக்கத்தில் 'மாமூல்' இழிசொல் அன்று. இந்தியாவில் வழங்கிய ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்–ஜாப்சன்' அகராதி, நடைமுறையில் நிலைபெற்ற முன்வழக்கம் என்ற பொருளையே இதற்குத் தருகிறது. இந்த வயலுக்கு எந்த வாய்க்காலிலிருந்து எந்த முறையில் தண்ணீர், இந்த நிலத்திற்கு முன்பு எவ்வளவு தீர்வை என்ற கேள்விகள் எழும்போது, எழுத்துப் பத்திரம் இல்லாத உழவனுக்கு மாமூலே சான்றாக நின்றது. வழக்கத்திற்கு மேல் கேட்காதே என்று சொல்ல எளியவனுக்கும் அது ஒரு வாய்ப்பைத் தந்தது.

பணியாளர்க்குக் கொடுப்பதிலும் அவ்வாறே. தமிழகத்துச் சிற்றூர்களில் கணக்கர், காவற்காரர், தச்சர், வண்ணார் முதலியோருக்கு அறுவடைக் களத்திலேயே நெல்லில் ஒரு பங்கு அளக்கப்பட்டது. 'மேரை' என்றும் 'சுதந்திரம்' என்றும் அதற்குப் பெயர். ஊரார் கண்முன் அளக்கப்பட்ட அப்பங்கு அவரவர் செய்த பணிக்கான கூலி. அதில் மறைவு இல்லை.

அச்சொல் எவ்வாறு கையூட்டில் விழுந்திருக்கும் என்பதை உய்த்துணர்வது கடினமன்று. பணியாளர்க்கு அரசு கருவூலத்திலிருந்து சம்பளம் தரத் தொடங்கியதும், மக்களிடம் நேரே வாங்குவதற்கான காரணம் மறைந்தது. ஆனால் வாங்கும் பழக்கம் மறையவில்லை. காரணம் போனபின்னும் எஞ்சிய பழக்கத்திற்குப் பழைய பெயரே போர்வையாயிற்று. சென்னை மாகாணத்தில் வரி தண்டவும் பணம் பறிக்கவும் கீழ்நிலை அலுவலர்கள் மக்களை வதைத்த கொடுமையை விசாரித்த ஆணையம் 1855இல் தன் அறிக்கையை அளித்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், அரசு ஊழியர் தம் சட்டப்படியான ஊதியத்திற்கு மேல் கைம்மாறு பெறுவதை 161ஆம் பிரிவில் குற்றமாக்கியது. சட்டம் அதைக் குற்றம் என்றது. தெருவோ அதை வழக்கம் என்றே அழைத்தது. இன்றும் அவ்வாறே அழைக்கிறது.

இப்பெயரின் வலிமையை நாம் கவனிக்க வேண்டும். லஞ்சம் என்றால் கேட்பவர் கூச வேண்டும். கொடுப்பவர் தயங்க வேண்டும். மாமூல் என்றால் கேட்கவே தேவையில்லை. தொகை முன்பே முடிவானது. நாள் முன்பே குறிக்கப்பட்டது. நேற்றும் கொடுத்தோம் என்பதே இன்று கொடுப்பதற்குப் போதுமான நியாயம். பாவத்தின் பெயர் மாறிவிட்டால் பாவத்தைப் பற்றிய அச்சமும் போய்விடுகிறது.

ஆமிலும் அன்பளிப்பும்

இந்த நோய்க்கான முதல் எச்சரிக்கை நபி (ஸல்) அவர்கள் காலத்திலேயே வந்துவிட்டது. அதுவும் இதே வேர்ச்சொல்லோடு தொடர்புடைய ஒருவரை முன்னிட்டு. ஸகாத்தைத் திரட்டும் பணியாளரைத் திருக்குர்ஆன் (9:60) 'ஆமில்' என்னும் சொல்லின் பன்மையாலேயே குறிக்கிறது. அவருக்கு ஸகாத்திலிருந்தே பங்கும் ஒதுக்குகிறது. அவர் உழைப்புக்கு ஊதியம் உண்டு. எனவே மக்களிடம் கையேந்த அவருக்குக் காரணம் இல்லை.

இப்னுல் லுத்பிய்யா எனப்படும் ஒருவரை நபி (ஸல்) அவர்கள் அப்பணிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்த அவர், கொண்டுவந்த பொருட்களை இரண்டாகப் பிரித்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டது என்றார். நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, இவர் தம் தந்தை அல்லது தாயின் வீட்டில் அமர்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு இவரைத் தேடி வந்திருக்குமா என்று மக்கள் முன்னிலையில் வினவினார்கள். உரிமையின்றி எடுத்ததை மறுமையில் கழுத்தில் சுமந்து வர நேரிடும் என்றும் எச்சரித்தார்கள். அபூஹுமைத் அஸ்ஸாஇதீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது.

அந்த ஒரு வினாவே உரைகல். பதவியை நீக்கிப் பார். பிறகும் அப்பொருள் வருமா? வந்தால் அன்பளிப்பு. வராவிட்டால், அதற்கு எந்தப் பெயர் சூட்டினாலும் அது பதவியின் விலை.

நபியவர்கள் (ஸல்) மறைந்து ஒரு நூற்றாண்டு முழுமையடைவதற்குள், வழக்கம் என்ற போர்வை மீண்டும் விரிக்கப்பட்டிருந்தது. ஹிஜ்ரி 99 முதல் 101 வரை (கி.பி. 717–720) ஆட்சி செய்த உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களுக்கு ஆப்பிள் பழங்கள் அன்பளிப்பாக வந்தன. அப்போது அவர்களுக்கு ஆப்பிள் உண்ணும் ஆசையும் இருந்தது. ஒன்றை எடுத்து முகர்ந்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். நபி (ஸல்) அவர்கள் அன்பளிப்பை ஏற்றார்களே என்று கேட்கப்பட்டபோது, அவர்களுக்கு அது அன்பளிப்பு, அவர்களுக்குப் பின்வந்த ஆமில்களுக்கு அது லஞ்சம் என்ற கருத்தில் விடையளித்தார்கள். இக்கூற்றின் சுருக்கத்தை இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் அன்பளிப்பு குறித்த பாடத்தில் எடுத்தாண்டிருக்கிறார்கள். ஒரு சொல்லின் வடிவம் மாறாமலேயே அதன் உட்பொருள் அழுகிவிடக்கூடும் என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தார்கள்.

அதே கலீஃபா கூஃபாவின் ஆளுநருக்கு எழுதிய கடிதம் ஒன்றை, ஹாரூன் ரஷீத் அவர்களுக்காக இமாம் அபூயூசுஃப் (ரஹ், இறப்பு ஹிஜ்ரி 182) அவர்கள் எழுதிய 'கிதாபுல் கராஜ்' பாதுகாத்துத் தந்திருக்கிறது. நவ்ரோஸ், மிஹ்ரஜான் ஆகிய பண்டிகைகளின் பெயரால் குடிகளிடம் பெறப்பட்ட அன்பளிப்புகள், ஏடுகளுக்கான விலை, தூதர்களுக்கான கூலி, வீட்டு வாடகை, திருமணத்தின் பெயரால் வாங்கப்பட்ட திர்ஹம்கள் ஆகியவற்றை இனி வாங்கக்கூடாது என்று அக்கடிதம் கட்டளையிடுகிறது. இவை அனைத்தும் அன்றைய மாமூல்கள். பண்டிகைப் பணமும் காகிதச் செலவும் நமக்கு அந்நியமான பெயர்களா என்ன? பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கும் முன்பு ஓர் ஆட்சியாளர் ஒரே கடிதத்தில் அவற்றை வெட்டி எறிந்தார். நீண்ட நாள் நடந்து வந்தது என்பது அவர் பார்வையில் உரிமைச் சான்றாகவில்லை.

வழக்கத்திற்கு ஃபிக்ஹ் தந்த இடம்

இவ்வாறெனில் இஸ்லாம் எல்லா ஊர் வழக்கங்களுக்கும் பகையா? இல்லை. வழக்கத்தை ஃபிக்ஹ் 'ஆதத்' என்றும் 'உர்ஃப்' என்றும் அழைக்கிறது. ஆதத் என்பது 'திரும்புதல்' என்னும் வேரில் பிறந்தது; ஆண்டுதோறும் திரும்பி வரும் 'ஈத்' என்பதும் அவ்வேரினதே. இமாம் ஸுயூத்தீ (ரஹ், இறப்பு ஹிஜ்ரி 911) அவர்கள் 'அல்அஷ்பாஹ் வன்னளாயிர்' நூலில் விளக்கும் ஐம்பெரும் சட்ட விதிகளுள் ஒன்று, வழக்கம் தீர்ப்பளிக்கும் தகுதி உடையது என்பது. உஸ்மானியர்கள் 1869 முதல் 1876 வரை தொகுத்த 'மஜல்லா' சட்ட நூலிலும் அது 36ஆம் விதியாக இடம்பெற்றது. விற்ற பொருள் வாங்கியவரின் கைவசம் வந்துவிட்டதாக எப்போது கொள்வது, பொருளைப் பாதுகாப்பான இடத்தில் வைத்தல் என்பது எது, தையற்காரரிடம் துணி கொடுத்தால் நூல் யார் பொறுப்பு என்பன போன்ற வினாக்களுக்கு ஊர் வழக்கமே விடை.

ஆனால் இத்தகுதிக்கு நிபந்தனை உண்டு. குர்ஆன், ஹதீஸ் ஆகியவற்றின் தெளிவான கட்டளையோடு மோதும் வழக்கம் நீதிபதியாக அமர முடியாது. அது குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியது. இமாம் நவவீ (ரஹ், இறப்பு ஹிஜ்ரி 676) அவர்கள் 'மின்ஹாஜ்' நூலில் காழிக்கு வரும் அன்பளிப்பு பற்றிச் சொல்வதைப் பாருங்கள். வழக்கு நிலுவையில் உள்ளவரிடமிருந்தும், பதவிக்கு முன்பு அன்பளிப்புத் தரும் பழக்கம் இல்லாதவரிடமிருந்தும் காழி வாங்குவது ஹராம். முன்பே தந்து வந்தவர், வழக்கும் இல்லாதவர் எனில், பழைய வழக்கத்தின் அளவுக்கு வாங்கலாம். இங்கே வழக்கம் வாங்குவதற்கு வழி திறக்கவில்லை. வாங்குவதற்கு எல்லை இடுகிறது. ஃபிக்ஹின் ஆதத்துக்கும் தெருவின் மாமூலுக்கும் இடையிலான தூரம் இதுவே.

மத்யன் நகர மக்கள் அளவையிலும் நிறுவையிலும் குறைத்துப் பழகியவர்கள். ஷுஐப் (அலை) அவர்கள் அதைத் தடுத்தபோது, எங்கள் முன்னோர் வணங்கியவற்றையும், எங்கள் செல்வத்தில் விரும்பியபடி நடப்பதையும் விட்டுவிடுமாறு உம் தொழுகை உம்மை ஏவுகிறதா என்று அவர்கள் ஏளனமாகக் கேட்டதைத் திருக்குர்ஆன் (11:87) எடுத்துரைக்கிறது. தொழுகை வேறு, சந்தை வழக்கம் வேறு என்று அவர்கள் பிரித்தார்கள். அந்தப் பிரிவினையைத்தான் நபி உடைக்க வந்தார்.

நம் தெருவில்

சகோதரர்களே! இப்போது நம் பக்கம் திரும்புவோம். மணப்பெண்ணுக்கு மஹரை மனமுவந்து கொடுக்குமாறு அல்லாஹ் ஆண்களுக்குக் கட்டளையிடுகிறான் (4:4). நம் ஊர்கள் பலவற்றில் மஹர் பெயரளவில் நிற்க, பெண் வீட்டார் தர வேண்டிய கைக்கூலியும் பவுன் கணக்கும் 'ஊர் மாமூல்' என்ற பெயரில் முதலில் பேசப்படுகின்றன. கொடுக்கும் திசையே தலைகீழாகிவிட்டது. மகள் பிறந்த நாளிலிருந்து கடனை எண்ணிக் கலங்கும் தந்தையிடம், இதை நாங்கள் கேட்கவில்லை, வழக்கம் கேட்கிறது என்கிறோம். இப்னுல் லுத்பிய்யாவிடம் கேட்கப்பட்ட வினாவை இங்கும் கேட்கலாம். மாப்பிள்ளை என்ற தகுதி இல்லாமல் அந்த இளைஞர் தம் வீட்டில் அமர்ந்திருந்தால், அந்தப் பவுன்கள் அவரைத் தேடி வருமா?

வணிகர்கள் வேறொரு கேள்வி கேட்பதுண்டு. மாமூல் கொடுக்காவிட்டால் உரிமம் வராது, கடை நடக்காது, என் செய்வது? லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என அபூதாவூத், திர்மிதீ நூல்களில் வருகிறது. எனினும், தமக்கே உரிய உரிமையை அடையவோ அநீதியைத் தடுக்கவோ வேறு வழியே இல்லாமல் கொடுப்பவர் மீது குற்றமில்லை, பாவம் வாங்குபவரையே சாரும் என்பது பெரும்பான்மை ஃபுகஹாக்களின் கருத்து. இச்சலுகை, பிறர் உரிமையைத் தட்டிப் பறிக்கவோ, வரிசையைத் தாண்டவோ, விதிமீறலை மறைக்கவோ கொடுப்பவருக்கு இல்லை. வேறு வழி உண்டா என்று ஒருமுறையும் தேடிப் பாராமல், மாதச் செலவுக் கணக்கில் ஒரு வரியாக எழுதிவிட்டவருக்கும் இல்லை. 2018இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டமும் கொடுப்பவரைக் குற்றவாளியாக்குகிறது. வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் அதிகாரிகளிடம் முறையிட்டால் அவருக்கு விலக்குத் தருகிறது. நிர்ப்பந்தத்தில் இருப்பவரின் அடையாளம் மனம் கசந்து வழி தேடுவது. பழகிப்போனவர் வழி தேடுவதில்லை.

நஹ்வு பாடத்தை நினைவுகூர வேண்டிய இடம் இதுவே. வழக்கம் என்பது நம் கைகள் செய்தது. எனவே அது மஃமூல். அது நம் ஆளுகைக்கு உட்பட்டிருக்க வேண்டும். ஆனால் பலமுறை செய்யப்பட்டபின் அது எழுந்து நம்மை ஆளத் தொடங்குகிறது. நாம் செய்தது நமக்கு ஆமிலாகி, நாம் அதன் மஃமூலாகிவிடுகிறோம். திருமணத்தில் எவ்வளவு கேட்பது, அலுவலகத்தில் எவ்வளவு கொடுப்பது என்பதை அதுவே முடிவு செய்கிறது. ஆளும் இடத்தில் அல்லாஹ்வின் கட்டளை இருக்க வேண்டும். பழக்கம் அதற்குக் கீழ்ப்பட வேண்டும். இவ்வரிசை மாறும்போது வாக்கியம் பிழைபடுவது போல வாழ்வும் பிழைபடுகிறது.

ஆயினும் அந்த வேரில் நன்மை வற்றிவிடவில்லை. அல்லாஹ்வுக்கு மிக உவப்பான அமல் குறைவாயினும் நிலையாகச் செய்யப்படுவது என்ற நபிமொழியை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). தம் அன்றாட ஓதலையும் திக்ரையும் 'மஃமூலாத்' என்று அழைக்கும் வழக்கம் உலமாக்களிடம் இன்றும் உண்டு. எந்த இயல்பினால் தீமை வேரூன்றுகிறதோ அதே இயல்பினால் நன்மையும் வேரூன்றும். மஹரை முதலில் பேசும் ஒரு நிக்காஹ், கைக்கூலி வாங்காத ஒரு குடும்பம், இந்த மாதம் மாமூல் தர மாட்டேன் என்று ஒன்றுகூடிச் சொல்லும் ஒரு கடைத்தெரு ஆகியவை இன்று புதுமையாகத் தோன்றலாம். பத்து முறை நடந்தால் அதுவே அந்த ஊரின் மாமூலாகிவிடும்.

வல்ல ரஹ்மான் நம் அமல்களை நல்ல வழக்கங்களாகவும், நம் வழக்கங்களை அவன் ஏற்கும் அமல்களாகவும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.